அடைக்கலப் பொருள்

(நாட்றாம்பாளையத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டப் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'யூதரும் இசுலாமியரும்: நல்லிணக்கப் பணிகள்' என்னும் தலைப்பை நான் விரும்பிக் கேட்டுப் பெற்றேன். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "நாட்றாம்பாளையத்தில் யூதர் எவரும் இல்லையே அம்மா, இத்தலைப்பு எதற்கு?" என்று வினவினார். நியாயமான வினாதான். ஆயினும், இங்கே வாராத மனிதர்களைப் பற்றிய வெறுப்பு மட்டும் இங்கே வந்துவிட்டது. அது எவ்வாறு வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். அம்மாதம் 7ஆம் நாள் இஸ்ரேலில் நிகழ்ந்த தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரவர் மாண்டனர். அவருள் குழந்தைகள் எத்தனையோ பேர். அந்நாள்களில் என் வகுப்பு மாணவர்தம் கைப்பேசிகளில் படங்கள் மழையெனப் பொழிந்தன. ஒருநாள் கல்வெட்டியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா, யூதரும் முஸ்லிம்களும் பிறவிப் பகைவர்தாமே?" என்றான். வேறொருவன் முன் இருக்கையில் இருந்த முஸ்லிம் மாணவியை நோக்கி, "நீ எந்தப் பக்கம்?" என்று உரக்கக் கேட்டான். அவள் தலை கவிழ்ந்தாள். வகுப்பு அமைதியாயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாடத்துக்கு வருவோம்" என்று கூறிப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

இருபதாண்டுக் காலம் ஆசிரியப் பணியாற்றியவள். முனைவர் பட்டம் பெற்றவள். அந்தப் பெண் தலை கவிழ்ந்த அவ்வேளையில் எனக்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அன்று தரத் தவறிய விடையைத்தான் இன்று உங்கள்முன் தர முயல்கிறேன்.

விடை என் கையிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849இல், சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கிய ஆவணம் அது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பாரும் உளர். தமிழின் மேலைக் கடற்கரை வழக்கு என்பாரும் உளர். நம் காதுக்கு அது அயல்மொழியாக ஒலிப்பதில்லை.

அச்செப்பேட்டின் இறுதியில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. மொத்தம் 25. அவற்றுள் 11 கூஃபி என்னும் பழைய அரபு எழுத்தில் அமைந்தவை; 10 பஹ்லவி என்னும் பாரசீக எழுத்தில் அமைந்தவை; 4 எபிரேய எழுத்தில், யூதர் வழங்கிய பாரசீக மொழியில் அமைந்தவை. கொடுத்தவன் இந்து மன்னன். பெற்றது கிறித்தவப் பள்ளி. சாட்சிக் கையொப்பமிட்டோருள் முஸ்லிம்களும் யூதரும் அடக்கம். ஒரே தகட்டில், ஒருவர் பெயரை ஒட்டி மற்றவர் பெயர். அப்பள்ளியின் உரிமைகளுக்குக் காவலாக அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்களை அச்செப்பேடு குறிக்கின்றது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் கூட்டமைப்பு. அவருள் யூதரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இப்பெயர் பாரசீகத்தின் 'அஞ்சுமன்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் ஆய்வாளர். கீழைக் கடற்கரையிலும், இராமநாதபுரத்துத் தீர்த்தாண்டதானத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இக்குழுவின் பெயரைக் காண்கிறோம்.

இதனைக் காட்டி, "அக்காலத்தில் எல்லோரும் அண்ணன் தம்பியாய் வாழ்ந்தனர்" என்று கூறிக் கைதட்டல் பெற்றுவிடலாம். அது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை ஆகாது. அவர்களை இணைத்தது வணிக நலன். நலன் முரண்பட்டபோது அவர்கள் மோதவும் செய்தனர். 1524இல் கொடுங்கல்லூர்ப் பகுதியில் மிளகு வணிகப் போட்டி முற்றிய சூழலில் யூதர்கள் தாக்கப்பட்டனர். அவர்தம் இல்லங்களும் தொழுகைக் கூடமும் அழிக்கப்பட்டன. இதனை மறைக்காமல் எழுதிவைத்தவர் அதே நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் என்பது எண்ணத்தக்கது. தம்மவர் செய்ததைத் தாமே எழுதுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

எனவே, பிறவிப் பகை என்பதும் பொய். பிறவி நட்பு என்பதும் பொய். பகையும் நட்பும் மனிதர் செய்பவை. அப்படியாயின், நட்பைச் செய்வது எங்ஙனம்? இவ்விடத்தில் எனக்குக் கைகொடுப்பது நம் இளங்கோவடிகள் காட்டும் ஒரு சொல். அதுவே அடைக்கலம்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கவுந்தியடிகள் சமணத் துறவி. மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் ஆயர்குல முதுமகள். அவள் சேரியில் மாயவனுக்குக் குரவை ஆடுவர். இருவர் வழிபாடும் வேறு. ஆயினும், கவுந்தி கண்ணகியை மாதரியின் கையில் ஒப்படைக்கிறார். "உன் சமயம் யாது? என் சமயத்தை நீ ஏற்கிறாயா?" என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அவர் கேட்டது ஒன்றே: இவளைக் காப்பாயா? அடைக்கலப் பொருளை இழந்தபோது மாதரி தீயில் புகுந்தாள் என்று காப்பியம் பின்னர்க் கூறும். தனக்கு உரிமை இல்லாத ஒன்றைத் தன்னுடையதினும் மேலாகக் காப்பது அடைக்கலம். சமய நல்லிணக்கப் பணிகளைப் பற்றி நான் படித்தறிந்தவற்றுள் உயிருள்ளவையாகத் தோன்றிய அனைத்தும் இவ்வொரு சொல்லுள் அடங்குகின்றன.

முதற்சான்று கொச்சியில் உள்ளது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. அதனருகே உள்ள தெருவில் சாரா கோகன் என்னும் யூத மூதாட்டி வாழ்ந்தார். கேரள யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட, அவரும் அவர் கணவர் ஜேக்கப் கோகனும் அங்கேயே தங்கினர். அத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்றுத் திரிந்த முஸ்லிம் சிறுவன் தாஹா இப்ராகிம். ஜேக்கப் அவனைத் தம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். சாரா அம்மையாருக்கு முதலில் அதில் விருப்பமில்லையாம். அந்தச் சிறுவனே வளர்ந்து, கணவரை இழந்த அம்மூதாட்டிக்கு மகனைப் போலத் துணைநின்றான். அம்மையார் நடத்திவந்த பூத்தையல் கடையில் யூதர் தொழுகையின்போது அணியும் தொப்பிகளும், ஓய்வுநாள் உணவின்போது ரொட்டியை மூடும் துணிகளும் தைக்கப்பட்டன. அக்கடைப் பொறுப்பும் தாஹாவின் தோளில் வந்தது. 2019இல் தம் 96ஆம் வயதில் சாரா அம்மையார் மறைந்தார். தாஹா கடையைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. அம்மையாரின் நினைவாக அதனைக் காத்துவருகிறார். கொச்சியைச் சேர்ந்த மற்றொரு முஸ்லிம் இளைஞர் தௌஃபீக் சக்கரியா, அரபு எழுத்தோடு எபிரேய எழுத்தையும் கற்று, எழுத்தோவியக் கலைஞராக விளங்குகிறார். இம்மூவரைப் பற்றி 2020இல் ஓர் ஆவணப்படமே வெளிவந்தது. எந்த மாநாட்டுத் தீர்மானமும் இவர்களை இணைக்கவில்லை. ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு சிறுவன் உள்ளே சென்றான்.

இரண்டாவது சான்று கொல்கத்தா. அங்கு 1856இல் கட்டப்பட்ட பெத் எல், 1884இல் கட்டப்பட்ட மாகென் டேவிட் ஆகிய யூதத் தொழுகைக் கூடங்கள் உள்ளன. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த யூதர் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில் உள்ளனர். அக்கூடங்களைத் திறந்து, பெருக்கி, விளக்குகளைத் துடைத்துக் காப்பவர் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பத்தினர். ஒடிசாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும் ஒடிசாவிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள் அல்லவா? அவர்களைப் போல் ஊர்விட்டு வந்த ஏழைகளின் கையில்தான் அத்தொழுகைக் கூடங்களின் சாவி இருக்கின்றது. அதே நகரில் 1881இல் தொடங்கப்பெற்றது யூதப் பெண்கள் பள்ளி. யூதச் சிறுமியர் கற்பதற்கென எழுந்த அறப்பணி அது. இன்று அங்குப் பயிலும் மாணவியருள் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். மும்பையில் பைகுல்லாவில் உள்ள சர் ஜேக்கப் சசூன் பள்ளியின் நிலையும் அதுவே. தம் பிள்ளைகள் இல்லாது போயினும் பள்ளியை மூடாமல், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைத்திருப்பது பெரிய ஈகை. தம் மகளை 'யூதப் பள்ளி' என்னும் பெயர்ப் பலகையின் கீழே நம்பி அனுப்புவதும் அதற்குக் குறைந்ததன்று. ஒருவர் தொழுகைக் கூடத்தை ஒப்படைத்தார். மற்றவர் பெண்மகவை ஒப்படைத்தார். அடைக்கலம் இருபுறமும் நடக்கின்றது.

மும்பை என்றதும் உங்களுள் பலருக்கு 2008 நவம்பர் நினைவுக்கு வந்திருக்கும். நரிமன் இல்லத்தில் யூத குரு காவ்ரியல் ஹோல்ட்ஸ்பர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் பிறரும் கொல்லப்பட்டனர். நகரமெங்கும் உயிர்கள் பறிபோயின. கொலைசெய்தோர் ஒன்பதின்மர் மாண்டபின், அவர்தம் உடல்களைத் தங்கள் அடக்கத்தலத்தில் புதைக்க மும்பை முஸ்லிம் அமைப்பினர் மறுத்துவிட்டனர். அப்பாவிகளைக் கொன்றவர் எங்கள் சமயத்தவர் ஆகார் என்பது அவர்கள் கூறிய காரணம். இறந்தோரை அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட ஒரு சமயத்தார் இம்முடிவை எளிதில் எடுத்திருக்க முடியாது. எத்தனை நூல் எழுதினாலும் இதனினும் தெளிவாக ஒன்றைச் சொல்லிவிட இயலாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "யூதர் அற்றுப்போகும் நிலையில் இருப்பதால்தானே நம் நாட்டில் இந்த நட்பு எளிதாயிற்று? எண்ணிக்கையில் இல்லாதவரோடு பகைப்பது எதற்கு?" என்று கேட்கலாம். நானும் என்னையே இவ்வாறு கேட்டுக்கொண்டேன். ஆகவே, இரு சமூகத்தாரும் இன்றும் அருகருகே வாழும் இடங்களையும் நோக்குவோம்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நெசவாலைகளுக்குப் பேர்போன நகரம்; பாக்கிஸ்தானிலிருந்து சென்ற தொழிலாளர் பெருமளவில் குடியேறிய ஊர். அங்கு 1881இல் திறக்கப்பெற்ற யூதத் தொழுகைக் கூடம் ஒன்று, உறுப்பினர் குறைந்து, கூரை ஒழுகி, விற்றுவிட வேண்டிய நிலைக்கு வந்தது. அதன் தலைவர் ரூடி லேவர், சிறுவனாக இருந்தபோது நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். இச்செய்தி அறிந்த அவ்வூர் முஸ்லிம் பெரியோர் நிதி திரட்ட முன்வந்தனர். அரசு சார்ந்த உதவி கிடைக்கவும் துணைநின்றனர். 2013இல் அக்கூடம் பிழைத்தது. முஸ்லிம் ஒருவர் அதன் நிர்வாகக் குழுவிலேயே இடம்பெற்றார். அதே ஆண்டில் இலண்டனில் ஒரு படைவீரர் கொல்லப்பட்டதன் எதிரொலியாகப் பள்ளிவாசல்களுக்கு அச்சுறுத்தல் எழுந்தது. அப்போது ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதியில், ஆசாரம் மிக்க யூதரின் காவல் தொண்டர்கள் பள்ளிவாசல்களையும் சுற்றிக் காவல் காத்தனர். அப்பகுதியில் 2000ஆம் ஆண்டிலேயே யூத குரு ஹெர்ஷல் கிளக் முயற்சியால் முஸ்லிம்-யூதர் மன்றம் ஒன்று உருவாகியிருந்தது. அம்மன்றத்தார் இறையியல் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. பள்ளி, வீடு, தெருப் பாதுகாப்பு என அன்றாடப் பாடுகளை இருவரும் ஒரே மேசையில் வைத்துப் பேசினர். அந்தப் பழக்கமே ஆபத்து நேரத்தில் கைகொடுத்தது.

இன்னும் கடினமான இடம் இஸ்ரேலும் பாலஸ்தீனமும். 1994இல் தம் மகனை ஹமாஸ் இயக்கத்தாரிடம் பறிகொடுத்த இட்ஸாக் ஃபிராங்கெந்தால் என்னும் யூதத் தந்தை, 1995இல் பிள்ளைகளை இழந்த பெற்றோர் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். மோதலில் தம்மவரைப் பறிகொடுத்த இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் இன்று அவ்வமைப்பில் 600க்கும் மேற்பட்ட குடும்பங்களாக இணைந்துள்ளனர். 2023க்குப் பின்னர், புதிதாக இழந்தவர்களும் அதில் வந்து சேர்ந்தனர். ஒருவர் தம் துயரத்தை மற்றவரிடம் அடைக்கலமாக வைக்கிறார். மற்றவர் அதனை இகழாமல் கேட்கிறார். இதனால் போர் நின்றுவிட்டதா என்றால், இல்லை. நீதி கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. நல்லிணக்கம் நீதிக்கு மாற்று ஆகாது. 'ஒற்றுமை' என்று சொல்லி ஒருவர்தம் இழப்பை மூடி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயினும், நீதி வரும் நாளில் அதனைத் தாங்கி நிற்பதற்கு மனிதர்கள் எஞ்சியிருக்க வேண்டும். அவர்களை உருவாக்குவது இத்தகைய பணிதான்.

அன்பர்களே, இனி நம் ஊருக்கு வருவோம். இது எல்லைப்புறம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தையில் விலை பேசும் மண். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடம் நமக்கு அருகில். காலைப் பேருந்தில் நம் பிள்ளைகள் ஓசூர் ஆலைகளுக்குச் செல்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயிலும் உண்டு, யாரப் தர்காவும் உண்டு. பேச்சு வழக்கில் நாம் பகைவர் அல்லர். ஆனால், ஒருவர் வீட்டுப் பொருளை மற்றவர் காத்துவைத்திருக்கிறோமா? ஒருவர் பாட்டி பாடிய தாலாட்டு மற்றவருக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாத இடத்தில்தான் கைப்பேசிப் படம் வந்து குடியேறுகின்றது.

வகுப்பில் தலை கவிழ்ந்த அந்த மாணவியின் கதையை முடிக்கவில்லை. அடுத்த வாரம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிப் பகுதியைப் பெரிதாகப் படி எடுத்து வகுப்புக்குக் கொண்டுசென்றேன். முதலில், முந்தைய வாரம் நான் வாயடைத்து நின்றதற்காக வகுப்பின்முன் வருத்தம் தெரிவித்தேன். பின்னர்ப் படியைக் காட்டினேன். மதரசாவில் அரபு எழுத்துக் கற்றிருந்த அவள் அருகில் வந்து உற்றுநோக்கி, "புள்ளி இல்லாமல் இருக்கிறது அம்மா, ஆனாலும் சில எழுத்துத் தெரிகிறது" என்றாள். எபிரேய எழுத்துகளைச் சுட்டி, "இவர்கள் யார்?" என்று கேட்டாள். யூதர் என்றேன். "இரண்டு பேரும் ஒரே தகட்டிலா?" என்றாள். முதல் வினாவை எழுப்பிய மாணவனும் எழுந்து வந்து பார்த்தான்.

சில வாரம் கழித்து அவள் ஒரு பழைய குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்தாள். அவள் பாட்டியார் உருதுவில் எழுதிவைத்தது. தாலாட்டும் கைவைத்தியமும் கலந்தது. வீட்டில் கரையான் அரிக்கும் என்று அஞ்சி, "நீங்கள் வைத்திருங்கள் அம்மா" என்றாள். எனக்கு உருது தெரியாது. படிக்கத் தெரியாத ஒன்றைக் காப்பதற்கு நான் பொறுப்பேற்றேன். அவள் வாசிக்க, அதனைத் தமிழ் எழுத்தில் எழுதும் வேலையைத் தொடங்கினோம். வினா எழுப்பிய மாணவன் இரண்டு அமர்வுகளுக்கு வந்தான், மூன்றாவதற்கு வரவில்லை. அதனையும் உங்களிடம் மறைக்கவில்லை. இப்பணி அப்படித்தான் நடக்கும். சிலர் வருவர், சிலர் நின்றுவிடுவர். கதவு மட்டும் திறந்தே இருக்க வேண்டும்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் காலடி வைக்கும் இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இம்மலைக்கிராமங்களில் உருதுவிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் முதியோர் வைத்திருக்கும் ஏடுகளையும் பாடல்களையும் கேட்டுவாங்கிப் படியெடுப்போம். ஒவ்வொன்றையும் வேறு வீட்டார், வேறு சமயத்தார் ஒருவர் பொறுப்பில் வைப்போம். திங்கள் ஒருமுறை அதனை வாசிப்போம். முதல் அடைக்கலப் பொருளாக, அம்மாணவியின் இசைவோடு, அந்தக் குறிப்பேட்டின் முடிந்த பகுதியை இன்று இவ்வட்டத்தின் நூலகத்தில் ஒப்படைக்கிறேன். மூலம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றது. அதற்கு நான் பொறுப்பு.